கொச்சிக்குக் கீழே

அன்றைக்குத் தோட்டத்தில் நின்ற ஆட்கள்.

மூத்த மகன். மண்வெட்டியோடு.

மகள். குசினிக் கரண்டியோடு.

மருமகன், மகளுடைய புருசன். பாலாவியில் உப்பளத்துக் கந்தோரில் வேலை. கையில் ஒன்றும் இல்லை. எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

பேத்தி, அவருடைய மகள். கெம்பஸில் படிக்கிற பிள்ளை. போனோடு.

பள்ளி மோதினார், பாங்கு சொல்கிறவர். கதிரையில்.

அடுத்த தோட்டத்து நிமால். அலவாங்கோடு.

ஒரு கழுதை. யாருடையதும் இல்லை.

நான். மண்வெட்டியோடு.

அவ, இந்தப் பிள்ளைகளுடைய உம்மா, வீட்டுக்குள்ளே இருந்தா. நடு மண்டபத்தில், வாங்குப் பலகையில், போர்வை போர்த்தி. விடியச் சுபஹுத் தொழுகை நேரத்தோடு மௌத்தாகிவிட்டா.

வெங்காயம் பிடுங்கப் பத்து நாள் இருந்தது. அந்த வெங்காயத்துக்குள்ளே நாங்கள் அவவைச் சுற்றி அடக்க வேண்டிய கபன் புடவையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அது எப்படி அங்கே போனது என்று சொல்ல வேண்டும்.

அவ எதையும் மண்ணுக்குள்தான் வைப்பா. வீட்டில் அலுமாரி இருந்தது. கலியாணத்துக்கு வந்தது, கண்ணாடி போட்டது. அதற்குள்ளே கோழி அடை கிடந்தது. ஐடென்டிட்டி காட் மண்ணுக்குள்ளே இருந்தது. கோழியை மண்ணுக்குள்ளே வைக்க ஏலாது என்பதால்தான் அலுமாரியை விட்டு வைத்தா என்று நினைக்கிறேன்.

"அலுமாரிக்கு என்ன குறை மாமி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுக்குத் திறப்பு இருக்கு" என்றா.

"அது நல்லதுதானே."

"திறப்பு இருந்தா திறக்க ஏலும். மண்ணுக்குத் திறப்பு இருக்கா?"

முப்பத்தைந்து வருசம் அவவுடைய தோட்டத்தில் வேலை செய்தேன். அவவுக்குப் பதில் சொன்ன ஆளை நான் கண்டதில்லை.

கற்பிட்டிப் பக்கத்து மண் தெரியும்தானே. முழுக்க மணல். கையாலேயே கிண்டலாம். தண்ணீர் ஊற்றினால் நிற்காது. அதில் வெங்காயமும் வரும், பீட்ரூட்டும் வரும், பூசணியும் வரும். அவ சாமான் வைக்கிறதும் அந்த மாதிரித்தான். சாமானை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சுப் போடுவா. அதை இன்னொரு பேக்கில். அதைப் பால்மா டின்னுக்குள்ளே. அதை உரபேக்கில் சுற்றி, ஒரு முழக் குழியில் வைத்து மூடி, மேலே ஒரு செடி நடுவா. செடிதான் அடையாளம். கெதியாக எடுக்கிற சாமான் என்றால் தக்காளி. ஒரு வருசம் கிடக்கலாம் என்றால் கத்தரி. யாரும் தொடக் கூடாத சாமான் என்றால் கொச்சி. கொச்சி என்கிறது அந்தச் சின்ன உறைப்பு மிளகாய்.

"கொச்சியைக் கழுதையும் தின்னாது, மருமகனும் தொட மாட்டான்" என்பா.

மருமகனுக்கு உறைப்புக் கூடாது. வயிற்றில் புண்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு கிளினிக். சீனி வருத்தம். பஸ் ஆறு மணிக்கு. அவ ஐந்தரைக்குத் தோட்டத்தில் நின்று கிளினிக் கொப்பியைக் கிண்டுவா. ஒரு தடவை நானும் கூடப் போனேன். டொக்டர் கொப்பியை விரித்தார். மேசை முழுக்க மணல்.

"அம்மா, இது என்ன மண்?"

"எங்கட தோட்டத்து மண் மகன். நல்ல மண். ஒரு தொட்டியில போட்டு ஏதும் நடுங்க."

டொக்டர் மண்ணை ஊதினார். சீனி கூடியிருக்கு என்றார். அவ தலையை ஆட்டினா.

அது கூடும். மகள் சீனிப் போத்தலைக் குசினியில் பூட்டி வைத்த நாளில் இருந்து, கிணற்றடித் தக்காளிக்குக் கீழே வேறு ஒரு போத்தல் இருந்தது. எறும்புதான் காட்டிக் கொடுத்தது. மகள் எறும்பு போன வழியே போய்ப் போத்தலைப் பிடித்தாள்.

"இது என்ன உம்மா?"

"எறும்புட சீனி."

"போத்தல்ல போட்டு மூடி வைச்சது எறும்பா?"

"கேட்டுப் பார்."

அதற்குப் பிறகு அவ ஒரு வேலை செய்தா. தன்னுடைய சீனியை ஒரு மூலையில் புதைத்தா. மற்ற மூலையில் எறும்புக்கென்று ஒரு சிரட்டையில் சீனி வைத்தா. எறும்பு முழுக்க சிரட்டைக்குப் போனது. மகளும் எறும்புக்குப் பின்னால் போய்ச் சிரட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள். அவவுடைய போத்தலை யாரும் பிடிக்கவில்லை. "எறும்புக்கு வேற இடத்தில வைக்கணும்" என்று எனக்கு மட்டும் சொன்னா.

நான் தொண்ணூறில், எங்கட சனத்தை ஊரை விட்டுத் துரத்தினபோது, மன்னாரில் இருந்து வந்தவன். கட்டின சாரமும் ஒரு திறப்பும்தான் கையில். கூலி கேட்டுத் தோட்டத்து வாசலில் நின்றேன். அவ வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டு இருந்தா.

"கையில என்ன?"

"வீட்டுத் திறப்பு."

"வீடு?"

"மன்னாரில."

அறுத்த தாளைக் கீழே போட்டா.

"வீட்டை விட்டுட்டுத் திறப்பைக் கொண்டு வந்தியா? திறப்பை விட்டுட்டு வீட்டைக் கொண்டு வந்திருக்கலாமே."

அழுகிறதா சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவ திறப்பை வாங்கினா. வேலியோரம் புதைத்தா. மேலே ஒரு முருங்கைக் கம்பை ஊன்றினா. சோறு போட்டா. அன்றைக்கே வேலை தொடங்கியது. இப்போது அந்த முருங்கை ஓட்டுக்கு மேலே நிற்கிறது. திறப்பு எங்கேயோ வேருக்குள்ளே. "வீடு எழும்பிட்டுது பார்" என்று மரத்தைக் காட்டுவா. அந்த மரத்து முருங்கைக்காயை நான் கறி வைத்துத் தின்றிருக்கிறேன்.

பிள்ளைகள் எனக்கு மன்னார் காக்கா என்று பெயர் வைத்தார்கள். அவ மனே என்று கூப்பிடுவா.

மாமாவுடைய பல் கதையும் சொல்ல வேண்டும். மாமா என்கிறது அவவுடைய புருசன். பேச்சு இல்லாத மனிசன். அவருக்கு மேல்பல் கட்டின பல். கண்ட இடத்தில் கழற்றி வைப்பார். ஒரு நாள் கோழி அதைக் கொத்திக்கொண்டு போனது. அவ பிடுங்கிக் கழுவி, பத்திரமாக இருக்கட்டும் என்று புதைத்தா. சாப்பாட்டு நேரம் எடுக்கலாம் என்று மேலே தக்காளி நட்டா. பகலைக்குப் போய்ப் பார்த்தால் தக்காளி இல்லை. கழுதை தின்றுவிட்டது.

இரண்டு வருசம் தேடினா. மாமா இரண்டு வருசம் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். ஒரு நாளும் கோபிக்கவில்லை. "தோட்டத்துக்குள்ளதானே இருக்கு. களவு போகல்லையே" என்பார். புதுப் பல் கட்டுவோம் என்று மூத்த மகன் கேட்டான். "அது கிடைச்சா ரெண்டாகிடும்" என்றார். அப்படியே மௌத்தானார்.

அவரை அடக்கக் கபுறுக் குழி வெட்டினது நான். ஊரில் அந்த வேலையும் எனக்குத்தான். அடக்கி முடித்து வந்து கை கழுவும்போது அவ சொன்னா: "வெறும் வாயோட அனுப்பிட்டன் மனே."

அதற்குப் பிறகு முக்கியமான எதற்கும் அவ தக்காளி நட்டதில்லை. கொச்சிதான்.

கபுறுகள் இருக்கிற கபுறடிக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். மாமா வேலிக்கு ஒட்டினாற் போலக் கிடக்கிறார். இந்த ஊரில் பெண்கள் கபுறடிக்குப் போகிறதில்லை. அவ வேலியில் ஊன்றின கதியால் கம்பு ஒன்றைக் கழற்றிவிட்டுப் போய் வருவா. யாரும் கேட்டால் ஆடு பிடிக்கப் போனேன் என்பா. வீட்டில் ஆடு இல்லை.

மக்காவுக்கு உம்றாப் போய் வந்தபோது கபன் புடவை கொண்டு வந்தா. வெள்ளைப் புடவை. ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காய வைத்தது. ஐந்து துண்டாக வெட்டி மடித்தா. நிமாலிடம் ஒரு ரெஜிபோம் பெட்டி வாங்கினா. மீன் போடுகிற வெள்ளை நுரைப் பெட்டி, உரசினால் கிறீச் என்னும். நிமால் தோட்டமும் செய்வான், கருவாடும் போடுவான். பெட்டியை நாலு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினா. அப்போதும் கருவாடு மணத்தது.

"மனே, நான் மௌத்தாப் போனா இந்தப் புடவைதான்."

"சரி மாமி."

"வேற புடவை போட்டா எழும்பி வந்து கேட்பன்."

"சரி மாமி."

"வாக்கா?"

"வாக்கு. எங்க வைக்கிறீங்க?"

"நீ தேடாத. உன்ட கைக்கு வரும்."

பிறகு கேட்டா: "என்னை எங்க வைப்பே?"

"மாமாட பக்கத்தில. வேலிப் பக்கம்."

"எத்தன அடி?"

"நாலரை. அதுக்குக் கீழ தண்ணி."

"தலைமாட்டில இருந்துதானே வெட்டத் தொடங்குவே?"

"ஓம்."

"போதும்" என்றா. பயத்தில் கேட்கிறா என்று நினைத்தேன். அடுத்த நாள் பெட்டி இல்லை. அவவுடைய நகத்தில் மண் இருந்தது. அவவுடைய நகத்தில் என்றைக்கும் மண் இருக்கும்.

கடைசி ஒன்பது நாள் அவவுக்குக் கதை இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கை மட்டும் ஆடியது. மகள் பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டாள். என்ன கேட்டாலும் அவ ஒரு விரலைக் கீழே காட்டினா. தண்ணி வேணுமா உம்மா, கீழே. கால் நோகுதா, கீழே. வீட்டுக்கு வந்த டொக்டர் காலைத் தட்டிப் பார்த்தார். மகள் சொன்னாள்: "அவ தோட்டத்தைச் சொல்றா டொக்டர்."

கடைசி நாள் மகள் கேட்டாள்: "கபன் புடவை எங்க உம்மா?"

விரல் கீழே.

"அது தெரியும். எந்த இடம்?"

அவ விரலை எடுத்து என்னைக் காட்டினா. நான் கதவடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

அடுத்த நாள் சுபஹோடு போய்விட்டா.

மோதினார் வந்து சொன்னார், பின்னேரம் அஸர் தொழுகையோடு ஜனாஸா அடக்கம். மையத்தைக் குளிப்பாட்டுகிற பெண்கள் வந்து இருந்துவிட்டார்கள். தண்ணீர் கொதித்தது. மகள் என்னிடம் வந்தாள்.

"மன்னார் காக்கா, புடவையை எடுங்க."

"எனக்குத் தெரியாது புள்ள."

"உங்களைத்தானே காட்டினா."

"காட்டினாதான். எனக்குத் தெரியாது."

மூத்த மகன் கொச்சியைப் பார்ப்போம் என்றான். தோட்டத்தில் கொச்சி ஏழு இருந்தது. ஏழையும் தோண்டினோம். ஒன்றில் காணி உறுதி. ஒன்றில் ஐடென்டிட்டி காட். ஒன்றில் மருமகனுடைய கலியாணப் படம், கண்ணாடியும் சட்டமும் எல்லாம் சேர்த்து.

மருமகன் அதைத் துடைத்தார். "இது ஏன்?"

"முக்கியமான சாமானாத்தான் வைச்சிருப்பா" என்றாள் மகள்.

"சுவரில மாட்டின படம். பத்து வருசமாத் தேடுறம்."

மற்ற நாலிலும் ஒன்றும் இல்லை. கபன் இல்லை.

அப்போது நான் சொல்ல வேண்டி வந்தது. இரண்டு கிழமைக்கு முந்தி, நாலாம் பாத்தியில் களை பிடுங்கும்போது வெங்காயத்துக்கு நடுவே ஒரு கொச்சி நின்றது. சின்னச் செடி. காகம் போட்ட விதை என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன்.

மகன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"எந்த இடம்?" என்றான் மகன்.

"நாலாம் பாத்தி."

"பாத்தி நூறு அடி காக்கா."

"ஓம்."

மகன் வெங்காயத்தைப் பார்த்தான். தாள் இப்போதுதான் சாயத் தொடங்கியிருந்தது. வீட்டுப் பக்கம் திரும்பினான். "உம்மா, பத்து நாள் பொறுத்திருக்கலாமே" என்றான்.

"வாயை மூடு" என்றாள் மகள். கரண்டியை எடுத்துக்கொண்டு முதலாவதாகப் பாத்திக்குள்ளே இறங்கினது அவள்தான்.

மோதினார் கதிரையில் இருந்து சொன்னார்: "பள்ளியில புடவை இருக்கு. வெள்ளையா இருந்தாப் போதும். அல்லாஹ் புடவை பார்க்கிறதில்லை."

"உம்மா பார்ப்பா" என்றாள் மகள்.

நான் குழியை எண்ணினேன். பிறகு மூட வேண்டியவன் நான்தானே.

பதினைந்தாவது குழியில் ஒரு கடுதாசி. ஜாம் போத்தலுக்குள்ளே. மகளுடைய பெயருக்கு வந்தது, அவள் கலியாணம் முடிக்க முந்தி. உடைத்திருக்கவில்லை. யார் எழுதினது என்று அவள் சொல்லவில்லை. வரம்பில் குந்தி இருந்து படித்தாள். மடித்தாள். திரும்பப் போத்தலுக்குள்ளே போட்டாள். குழிக்குள்ளே வைத்தாள்.

"மூடுங்க" என்றாள்.

மூடினேன். மருமகன் அந்த நேரம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, தூரம் தள்ளித் தோண்டுங்கோ என்று நிமாலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாவதில் நிமால் கத்தினான். "காக்கா, இங்க சிரிக்குது!"

மாமாவுடைய பல். பால்மா டின்னுக்குள்ளே, முத்து மாதிரி. எல்லாரும் சுற்றி நின்றோம். மகன் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வாய் கோணியது.

"மோதினார், இதை வாப்பாட கபுறில வைக்கலாமா?"

மோதினார் யோசித்தார். "பல்லுக்கு எனக்குச் சட்டம் தெரியாது தம்பி. மௌலவியைக் கேட்கணும்."

பேத்தி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போனில் இரும்பு தேடுகிறது ஒன்று இருக்காம். பாத்திக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தாள். அது கீச்சு கீச்சு என்று கத்தியது.

"கபன் புடவையில எங்க புள்ள இரும்பு?" என்று கேட்டேன்.

"டின்னில வைச்சிருப்பா."

"பெட்டி ரெஜிபோம்."

"அப்ப இது என்னத்துக்குக் கத்துது?"

தோண்டினோம். ஒரு சைக்கிள் மணி. ஒரு கேற்றுப் பூட்டு, பூட்டினபடி. நிமாலுடைய மீன் வெட்டுகிற கத்தி. நிமால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "இதுக்கு நான் என்ட மச்சானோட சண்டை பிடிச்சது. மூணு வருசம் கதை இல்ல." முப்பத்தொன்றாவதில் டீவி ரிமோட். பேத்தி ஓ.எல். சோதனை எழுதின வருசம் காணாமல் போனது. அவள் அதைத் துடைத்தாள். வீட்டுப் பக்கம் நீட்டி அமத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. போனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

முப்பத்தெட்டாவது குழியில் கழுதை விழுந்தது.

முழுக்க இல்லை. பின்னங்கால் ஒன்று. கத்தின கத்தலில் குளிப்பாட்டுகிற பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள். நானும் நிமாலும் வாலடியில் பிடித்தோம். மகன் கழுத்தைப் பிடித்தான். மருமகன் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். மோதினார் அன்றைக்கு முதல் தடவையாகக் கதிரையை விட்டு எழும்பி வந்து வயிற்றைத் தூக்கினார். ஜனாஸா வீட்டுக்கு வந்த சனம் வேலியால் எட்டிப் பார்த்தது. வந்தவர்களுக்கு யார் என்ன சொல்கிறது.

கழுதை ஏறினது. எங்களைப் பார்த்தது. கிணற்றடிக்குப் போய் அங்கே நின்ற தக்காளியை வேரடி வரைக்கும் தின்றது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது.

பகல் லுஹர் பாங்கு கேட்டது. நாங்கள் தோண்டினோம். மகளுடைய கரண்டி வளைந்துவிட்டது. கையால் கிண்டினாள். நாலாம் பாத்தி முடிந்து ஐந்தாம் பாத்திக்குள்ளே போய்விட்டோம். பிடுங்கின வெங்காயம் வரம்பில் குவிந்து கிடந்தது. அறுபத்து மூன்றாவது குழியில் வெறும் மண். தோட்டத்தில் அதுதான் கடைசிக் குழி.

மோதினார் எழும்பினார். இந்தத் தடவை கதிரையை மடித்துக் கையில் எடுத்துவிட்டார்.

"போதும். மையத்தை வைச்சிக்கொண்டு இருக்கக் கூடாது. இன்னும் கபுறு வெட்டல்ல. மன்னாரான், நீ போய்க் குழியை வெட்டு."

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். அவளுடைய முகம் முழுக்க மண். கண்ணீர் போன இடம் மட்டும் இரண்டு கோடு.

"பள்ளிப் புடவையை எடுங்க" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"உங்களைத்தானே காட்டினா, மன்னார் காக்கா."

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். ரோட்டால் சுற்றிப் போக நேரம் இல்லை. கதியாலைக் கழற்றிவிட்டு வேலியால் போனேன். வாக்குக் கொடுத்தது நான். கொச்சியைப் பிடுங்கினதும் நான். அவ வேறு புடவையில் போகப் போகிறா. எழும்பி வந்து கேட்டால் என்ன சொல்கிறது என்று யோசித்துக்கொண்டு போனேன். அவ வருவா என்றுதான் நினைத்தேன்.

மாமாவுக்குப் பக்கத்தில், வேலிப் பக்கம், தலைமாட்டில் ஒரு கொச்சி நின்றது.

அது புதிது இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் நான் அந்த இடத்தைத் துப்புரவாக்குகிறேன். கொச்சியைப் பிடுங்காதே என்று அவதான் சொல்லியிருந்தா. "மாமாக்கு உறைப்பு விருப்பம்" என்றா. நானும் சரி என்று அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து வருசமாக ஊற்றுகிறேன். அது இடுப்பளவு வந்துவிட்டது. முழுக்கச் சிவப்பாகக் காய்த்து நின்றது.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என் புத்தி நான் பிடுங்கின கொச்சியிலேயே நின்றது.

பிடுங்க மனம் வரவில்லை. சுற்றிவர வெட்டி, வேர் மண்ணோடு தூக்கி ஒரு பக்கம் வைத்தேன். தலைமாட்டில் இருந்து வெட்டத் தொடங்கினேன். ஓரடி. ஒன்றரை அடி. இரண்டடியில் மண்வெட்டி கிறீச் என்றது.

கல் அப்படிச் சத்தம் போடாது. வேரும் போடாது.

கையால் மண்ணைத் தள்ளினேன். வெள்ளையாகத் தெரிந்தது. கருவாடு மணத்தது.

கொஞ்ச நேரம் குழிக்குள்ளேயே இருந்துவிட்டேன். நான் இடம் தெரிந்தவன் என்று அவ காட்டவில்லை. நான் தோண்டுகிறவன் என்று காட்டியிருக்கிறா.

வேலியடியில் நின்று நிமாலைக் கூப்பிட்டேன். எல்லாரும் ஓடி வந்தார்கள். மகளும் வந்தாள். கபுறடிக்குள்ளே பெண்பிள்ளை வரக் கூடாது என்று மோதினார் வாயைத் திறந்தார். அவள் கதியால் ஓட்டையில் ஒரு காலை வைத்தபடி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிவிட்டார்.

பெட்டியைத் திறந்தோம். ஐந்து துண்டு. வைத்த மாதிரியே வெள்ளை. ஒரு பொட்டு ஈரம் இல்லை. மடிப்புக்கு நடுவே ஒரு ஜாம் போத்தல். போத்தல் நிறையச் சீனி.

"சீனி என்னத்துக்கு?" என்றார் மருமகன். "அங்க போயும் குடிக்கவா?"

மகள் போத்தலை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவை சிரித்தாள்.

"எறும்புக்கு" என்றாள். "வேற இடத்தில வைக்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சிரட்டைக்குப் பின்னால் அவள் ஏமாந்து போகவில்லை. தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது வேறு சத்தமாகிவிட்டது. பேத்தி வந்து பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டி நிமாலுடைய தோளில் போனது.

நானும் மகனும் மிச்சத்தை வெட்டினோம். நாலரை அடி. கீழே மண் குளிர்ந்தது.

அஸர் தொழுகை முடிய மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்கினோம். பின்னால் பூனைகள் வந்தன. பள்ளி வாசலில் இரண்டு, கடையடியில் மூன்று. கருவாட்டு மணத்துக்கு வந்தவை. ஒருவர் கல்லை எடுத்தார். மூத்த மகன் வேண்டாம் என்றான். "வரட்டும். உம்மாட ஆக்கள்தானே." பூனை அவவுடைய ஆள் இல்லை. கழுதையும் இல்லை. ஆனால் எல்லாம் வந்தன. கழுதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

நான் குழிக்குள்ளே இறங்கி வாங்கினேன். கனம் இல்லை. ஒரு சாக்கு வெங்காயம் இதைவிடக் கனம். பலகை வைத்து மூடினோம். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். மகன் மாமாவுடைய பக்கம் குனிந்து கையால் ஒரு சின்னக் கிடங்கு கிண்டினான். எதையோ வைத்து மூடினான். மோதினார் வானத்தைப் பார்த்தார்.

கொச்சியைத் தலைமாட்டில் திரும்ப நட்டேன். தண்ணீர் ஊற்றினேன். கபுறடியின் மற்ற மூலையில், மதிலோரம், சீனியைச் சிரட்டையில் கொட்டி வைத்தேன். மாலைக்குள்ளே எறும்பு வந்துவிட்டது. எல்லாம் அந்தப் பக்கம்தான் போயின. நின்று பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் தோட்டத்துக் குழிகளை மூடினேன். மகன் பிடுங்கின வெங்காயத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். பகலைக்கு முடிந்தது. அவன் கிணற்றடியில் முகம் கழுவினபடி கேட்டான்.

"எல்லாம் மூடியாச்சா காக்கா?"

"ஓம்."

"எத்தன குழி?"

"அறுபத்து நாலு."